உருளத் தெரிந்தவனையும் அடிக்கும் கேம்

டார்க் சோல்ஸ் 2 கேம் எப்படி என்று கோலாலம்பூரின் கணினிக் கடைவளாகமான லோ யாட் பிளாசா பக்கம் கேட்டால், "கஷ்டம்லா" என்பார்கள். கஷ்டமாக இருப்பது ஒரு குறையில்லை, முதல் பாகமும் கஷ்டம்தான். எரிச்சல் வேறு இடத்தில்.

இதில் எதிரியின் அடியிலிருந்து தப்ப உருள வேண்டும். முதல் பாகத்தில் போட்டிருக்கும் கவசம், ஆயுதத்தின் சுமையை, தாங்கும் அளவில் 25 சதவீதத்துக்குள் வைத்தால் வேக உருளல் கிடைக்கும். கவசம் கழற்றினால் பலன் உடனே தெரியும். 2014-இல் வந்த இரண்டாம் பாகத்தில், உருளும்போது அடிபடாமல் இருக்கும் கணம் 'அஜிலிட்டி' என்ற எண்ணுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதை ஏற்ற 'அடாப்டபிலிட்டி' என்ற திறனில் லெவல் போட வேண்டும். 'அட்யூன்மென்ட்' என்ற இன்னொரு திறன் கொஞ்சம்தான் உதவும். இது தெரியாத பழைய ஆட்டக்காரர் சரியான நேரத்தில் உருண்டும் அடி வாங்குவார், தன் கைமேல் சந்தேகப்படுவார். கேம் வாய் திறக்காது.

ஆகவே ஆரம்பத்தில் பலம் என்ற திறனில் ஆன்மாக்களை (லெவல் போடச் செலவழிக்கும் காசு) கொட்டாதீர்கள். அஜிலிட்டி 105 ஆனால், உருளும்போது 13 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து ஓடும் படங்கள்) வரை அடிபடாது. உயிரேற்றும் எஸ்டஸ் குடிப்பதும் வேகமாகும். சுமை 70 சதவீதத்தைத் தாண்ட விடாதீர்கள்.

செத்தால் இன்னொரு தண்டனை: ஒவ்வொரு சாவுக்கும் அதிகபட்ச உயிர் 5 சதவீதம் குறைந்து, பாதியில்தான் நிற்கும். ஹைடி கோபுரத்தில் கிடைக்கும் 'ரிங் ஆஃப் பைண்டிங்' போட்டால் முக்காலில் நிற்கும். நான்கு மோதிர இடத்தில் ஒன்று போச்சு, அதுதான் விலை.

இதெல்லாம் வேண்டுமென்றே செய்தது. ஆயுதத் தேய்மானம் சுத்தப் பிழை. பிணத்திலோ சுவரிலோ வாள் உரசும் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் தேய்மானம் கணக்காகியது. வினாடிக்கு 30 ஃப்ரேமுக்கு எழுதியது கணினியில் 60-இல் ஓட, ஆயுதம் இரட்டிப்பு வேகத்தில் தேய்ந்தது. 2015-இல்தான் சரிசெய்தார்கள்.

டிராகன்ஸ் டாக்மா 2 (2024) என்ற கேமின் எரிச்சல் வேறு ரகம். முதல் கேமின் 2013 பதிப்பில் தீராத ஃபெரிஸ்டோன் (நொடியில் வேறு ஊருக்குத் தாவ வைக்கும் கல்) கொடுத்தார்கள், இதில் பிடுங்கிக்கொண்டார்கள். கடையில் ஒன்று 10,000 தங்கம். ஆட்டத்தைச் சேமிக்கும் இடமும் ஒன்றே ஒன்று. பெரிய முடிவு எடுக்குமுன் விடுதியில் தூங்கி எழுங்கள். தானியங்கிச் சேமிப்பு சொதப்பினாலும், கடைசியாகத் தூங்கிய விடுதியிலிருந்து மறுபடி தொடங்கலாம்.

கேம் பிடிக்காமல், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் ரிங்கிட்டைத் திரும்பப் பெற, வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், 2 மணி நேரத்துக்குக் கீழ் ஆடியிருக்க வேண்டும். தன் பாத்திரத்தின் முகம் செதுக்கவே ஒரு மணி நேரம் எடுப்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.