அம்மாவின் மருந்துச் சீட்டில் ஒரு செயலி

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கோத்தகிரியில் நாங்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், போன முறை மாத்திரைகளுக்குக் கீழே ஒரு செயலியின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். "தினமும் காலையில் பார்க்கிற சுகரை இதில் போட்டுட்டு வாங்க." எப்படிப் போடுவது என்றேன். "டவுன்லோடு பண்ணுங்க, அதுவே சொல்லும்."

அது ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எஸ்டேட் லைனில் டவர் கிடையாது; ஓ.டி.பி. வாங்கவே மேட்டில் இருக்கும் கோயில் வரை ஏறினேன். அப்புறம் போனில் இருக்கும் எண்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது. அம்மா சுகருக்கும் சித்தப்பா நம்பருக்கும் என்ன சம்பந்தம்? மறுத்துவிட்டேன், அது பாட்டுக்கு வேலை செய்தது.

மறுநாள் காலை 186 என்று அடித்ததும் திரை முழுக்கச் சிவப்பு: உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். அம்மா ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பியே விட்டார். இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. நம் குளுக்கோமீட்டர் காட்டுவது மில்லிகிராம் கணக்கு. செயலி இருந்ததோ இங்கிலாந்தில் வழங்கும் மில்லிமோல் கணக்கில். 18-ஆல் வகுத்தால் 186 என்பது வெறும் 10.3. அமைப்புகளில் ஒரே ஒரு இடத்தில் மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த முறை போனபோது இதைச் சொன்னேன். டாக்டர் மழுப்பவில்லை. "நான் இதைத் திறந்தே பார்த்ததில்லைங்க. யாரோ நல்லா இருக்குன்னு சொன்னாங்க, எழுதிட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. புது மாத்திரையை இப்படி எழுதுவாரா? ஜெர்மனியில் 2020 முதல் டாக்டர்கள் செயலியையும் சீட்டில் எழுதுகிறார்கள், காப்பீடு பணம் தருகிறது. ஆனால் அரசு அமைப்பு ஒன்று பரிசீலித்துப் பட்டியலில் சேர்த்த செயலிக்குத்தான் அது. எங்களுக்கு டாக்டர் வாய்ச்சொல்தான் பட்டியல்.

ஆனாலும் மனிதர் நல்லவர். வெளியே பத்துப் பேர் காத்திருக்க, தன் போனிலேயே அதை இறக்கி, கணக்கு எங்கே மாறுகிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு எங்கள் போனை வாங்கி வரைபடத்தைப் பார்த்தார். எல்லா நாளும் 170, 180. இரண்டு நாள் மட்டும் 130-ஐ ஒட்டி.

"இந்த ரெண்டு நாள் என்னம்மா பண்ணீங்க?"

அம்மா கொஞ்சம் யோசித்தார். "அன்னைக்குப் பால்காரர் வரலைங்க."

"அதனால?"

"டீ குடிக்கலை."

மற்ற நாளெல்லாம் சர்க்கரை போட்ட டீயைக் குடித்துவிட்டுத்தான் விரலைக் குத்தியிருக்கிறார்! வெறும் வயிறு என்றால் டீயும் கூடாது என்று டாக்டர் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "டீ என்ன சாப்பாடாங்க? இந்தக் குளிர்ல அது இல்லாம எப்படி எழுந்திரிக்கிறது?"

மாத்திரை அளவை டாக்டர் கூட்டவில்லை. சீட்டில் செயலி பெயருக்குப் பக்கத்திலேயே 'முதலில் சுகர், அப்புறம் டீ' என்று தமிழில் எழுதிக் கொடுத்தார்.