கோரை மண்டிய கொல்லையில் காய்கறிப் பாத்தி

திருச்சியில் காவிரிக்குப் பக்கம் வீடு. கொல்லையில் கொஞ்சம் இடம் சும்மா கிடந்தது. வண்டல் மண், நல்ல வெயில், தண்ணீருக்கும் குறையில்லை. வெண்டை, கத்தரி, அவரை, மிளகாய் போடலாம் என்று மாசியிலேயே முடிவு செய்தாலும் விதைப்பதை ஆடிப்பட்டத்துக்குத் தள்ளிவைத்தேன். நடுவில் இருந்த கோடை முழுக்கக் களைக்கே போனது.

முதல் வேலை, என்னென்ன முளைத்திருக்கிறது என்று பார்ப்பது. அம்மாவும் கூட வந்தார். சாரணை, பருப்புக்கீரை, குப்பைக்கீரை, மணத்தக்காளி என்று பாதி இடம் அதுதான். "இதையெல்லாம் தூக்கிப் போட்டுடாதடா, கூட்டுக்கு ஆகும்" என்று மடியில் சேர்த்துக்கொண்டார். மிஞ்சியது இரண்டு: மதில் ஓரம் பார்த்தீனியம், நடுவில் கோரை.

பார்த்தீனியம் வந்தேறி. மெக்சிகோ பக்கத்துச் செடி. 1950களில் புனேயில் கண்டார்கள், இன்று நாடு முழுக்க இருக்கிறது. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும் என்பதால், வெள்ளைப் பூ எட்டிப் பார்க்கும் முன்பே பிடுங்கிவிட வேண்டும். மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு சுலபமாக வரும். கையுறை கட்டாயம், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும், மகரந்தம் மூக்குக்கும் ஆகாது. பூத்ததை எருக்குழியில் போடக்கூடாது. உப்புக் கரைசல் தெளித்தாலும் கருகும்தான். ஆனால் அது தரிசுக்குச் சரி, காய்கறி போடப்போகிற மண்ணுக்குச் சரிப்படாது. மழை தொடங்கியதும் வெளிறிய முதுகில் கறுப்புக் கோடு போட்ட வண்டுகள் இலையைச் சல்லடையாக்கியிருந்தன. பார்த்தீனியத்தை ஒழிக்கவென்றே 1980களில் மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து விட்ட வண்டு அது. மதிலுக்கு வெளியே இருந்த செடிகளை அதனிடமே விட்டுவிட்டேன்.

கோரை வேறு விஷயம். அது வந்தேறி இல்லை, நம் ஊர்க்காரன்தான். உலகத்திலேயே மோசமான களை என்று பெயர் வாங்கியதும் அதுவே. ஒரு செடியைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பி, மண்ணோடு தூக்கி வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். மேலே நாலு விரல் புல். அடியில் கறுத்த நூல் போன்ற தண்டில், கோத்த மணி மாதிரி கிழங்கு கிழங்காகத் தொங்கியது. நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளை, குளியல் பொடி வாசனை. வாசனை வராமல் என்ன? நாட்டுமருந்துக் கடையில் குளியல் பொடிக்குக் கொடுக்கிற கோரைக்கிழங்கு இதேதான்.

அந்தச் சரத்தில்தான் சூட்சுமம். நுனிக் கிழங்கு முளைத்து நிற்கும்வரை மற்றவை பெரும்பாலும் தூங்கும். மண்வெட்டி போட்டுக் கொத்தினால் சரம் துண்டாகி, தூங்கினவை எல்லாம் தனித்தனியாக எழும். பக்கத்து மனையில் ரோட்டவேட்டர் ஓட்டிய பிறகு அங்கே பச்சைக் கம்பளம் விரித்த காரணம் இதுதான். அதனால் பாத்தி பாத்தியாக ஒரு சாண் ஆழத்துக்கு நெம்பி, கைக்கு அகப்பட்ட கிழங்கையெல்லாம் பொறுக்கிச் சிமென்ட் தரையில் காயவிட்டேன். கோடை வெயிலில் ஈரம் வற்றினால் அது பிழைக்காது. கோடை உழவு போட்டவர்களுக்குத் தெரிந்த கணக்குதான்.

அப்புறம் மண்ணை நனைத்து, மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்து மூடி, ஓரமெல்லாம் மண் அணைத்தேன். கத்திரி வெயிலில் 4 முதல் 6 வாரம் கிடக்க வேண்டும். தாள் நிறமில்லாமல் வெளிச்சம் புகுகிறதாக இருக்கட்டும். கறுப்புத் தாளைக் கோரையின் ஊசிமுனை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். வெளிச்சம் பட்டால் உள்ளேயே இலை விரித்து, சூட்டில் வெந்துபோகும். தாளை எடுத்தபோது சாரணை போன்ற விதைக்களைகள் அநேகமாக இல்லை. கோரை குறைந்திருந்தது, போகவில்லை. ஆழத்துக் கிழங்குக்குச் சூடு எட்டாது.

மிச்சத்தை நிழலை வைத்துச் சமாளிக்கிறேன். கோரைக்கு நிழல் ஆகவே ஆகாது. ஆடியில் வெண்டை வரிசைக்கு நடுவே தட்டைப்பயறை நெருக்கி விதைத்தேன். அது தரையை மூடியதும் கோரை வெளுத்து, நோஞ்சானாகவே வந்தது. முளைத்து 3 வாரம் வாக்கில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும் என்பதால், அதற்குள் எல்லாப் பாத்தியையும் ஒரு சுற்றுப் பிடுங்கிவிடுகிறேன். பிடுங்கும்போது கிழங்கு அறுந்து உள்ளே நின்றாலும் பரவாயில்லை, மறுபடி மறுபடி முளைத்தே அதன் சரக்கு தீரும். தொழு உரம் நன்றாக மட்கியிருக்கிறதா என்றும் பார்த்துத்தான் வாங்குகிறேன். அரைகுறை எருவில் புதுக் களை விதை இலவசமாக வரும்.

வெண்டையும் அவரையும் நன்றாகவே காய்க்கின்றன. கத்தரியில் தண்டுத்துளைப்பான் தொல்லை, அது தனிக் கதை. கோரை இன்னும் அடமாக நிற்பது மிளகாய்ப் பாத்தியில்தான். மிளகாய் தரையை மூடுகிற செடி இல்லை. வாழைச்சருகு பரப்பினாலும் கிழித்துக்கொண்டு வருகிறது. மிளகாய் ஓய்ந்ததும் அங்கே சர்க்கரைவள்ளிக் கொடி பரப்புவதாக இருக்கிறேன்.