கன்னு இல்லாத காடு

எங்க வீட்ல ஒரு ஸ்டூல் இருக்கு. புளியந்தோப்பு வீட்டு சமையக்கட்டுல அம்மா உக்காந்து கீரை ஆயுறதுக்குன்னே கெடக்குற ஸ்டூல், பாக்க சின்னதா இருக்கும் ஆனா ஒத்தக் கையால தூக்குனா மணிக்கட்டு வலிக்கும். நைனா வால்டாக்ஸ் ரோடு பக்கம் ஒரு மரவாடில இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தாரு, அங்க மிஞ்சுன வெட்டுத்துண்டை எடுத்தாந்து அவரே செஞ்சது. "அந்தமான் படாக்கு இது, தேக்கை விட கனம், கரையான் கிட்ட வராது"ன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்வாரு. நான் சின்னதா இருக்கும்போது அவரு வேலை முடிஞ்சு வந்தா சட்டை காலரு, புருவம், காது மடல் எல்லாம் செவப்பா மரத்தூள் படிஞ்சிருக்கும், அம்மா அந்த சட்டையை பக்கெட்ல முக்குனா தண்ணி செம்மண் கரைச்ச மாதிரி ஆயிடும். எனக்கு படாக்னா அந்த தண்ணி கலர் தான். அது ஒரு மரம், அதுக்கு இலை இருக்கும், பூ பூக்கும்னு யோசிச்சது கூட கிடையாது.

2002ல சுப்ரீம் கோர்ட்டு அந்தமான் காட்டு மரத்தை வியாபாரத்துக்கு வெட்டி வெளிய அனுப்பக்கூடாதுன்னு ஆர்டர் போட்டப்போ எனக்கு ஏழு வயசு. அதுக்கப்பால மரவாடிக்கு பர்மா மரம், மலேசியா மரம், ஆப்பிரிக்கா மரம்னு தான் வந்துச்சு, நைனாவுக்கு அதெல்லாம் புடிக்கவே இல்ல.

பாட்டனில எம்எஸ்சி முடிச்சுட்டு வேலை தேடிட்டு இருந்தப்போ ஒரு சர்வே டீம்ல ஃபீல்டு அசிஸ்டெண்ட் வேணும்னாங்க. 2018 ஜனவரி கடைசிலேர்ந்து மூணு மாசம், வடக்கு அந்தமான்ல சேடில் பீக் மலை. 732 மீட்டர் தான், ஆனா அந்தமான் நிக்கோபார் மொத்தத்துலயும் அது தான் உசந்த எடம். அம்மா ஒரு வாரம் சரியா பேசல. நைனா மட்டும் ஹார்பர் வரைக்கும் கூட வந்தாரு, கப்பலை பாத்துட்டு "இந்த தண்ணி வழியா தான் மரம் வந்துகினு இருந்துச்சு"ன்னு சொன்னாரு, வேற எதுவும் சொல்லல. பங்க் கிளாஸ்ல மூணு நாள், ரெண்டாவது நாள் ஃபுல்லா வாந்தி. அப்புறம் போர்ட் பிளேர் (2024ல ஸ்ரீ விஜயபுரம்னு பேர் மாத்திட்டாங்க), அங்கேர்ந்து விடியக்காலைல பஸ்ஸு, ஜிர்கடாங்ல வண்டியெல்லாம் ஒண்ணா சேந்து போற கான்வாய்க்கு வெயிட் பண்ணி, ஜாரவா பழங்குடி மக்களோட காட்டை தாண்டி, திக்லிபூர் போய் சேர்றதுக்குள்ள இருட்டிடுச்சு.

அங்க சீக்கிரமே இருட்டிடும். நம்ம கடிகாரம் தான் அங்கயும், ஆனா ஊரு அவ்ளோ கிழக்க இருக்குறதால காலைல அஞ்சு, அஞ்சரைக்கெல்லாம் வெளுத்துடும், சாயங்காலம் அஞ்சரைக்கு சூரியன் போயிடும், காட்டுக்குள்ள நாலரைக்கே டார்ச் வேணும். அதனால வேலையும் அப்படித்தான், மூணரைக்கு எழுந்து டீ, நாலரைக்கு நடை, விடியும்போது முதல் பாயிண்ட்ல நிக்கணும். பறவை கணக்கு எடுக்குறது எங்க சீனியர் அக்கா, நான் எழுதுவேன். ஒரு எடத்துல நின்னு பத்து நிமிஷம் அசையக்கூடாது, என்ன பறவை, எத்தனை, எவ்ளோ தூரம், பாத்ததா கேட்டதா. அந்தமான் மரங்கொத்தின்னு ஒண்ணு, உடம்பு முழுக்க கருப்பு, தலைல ரத்த செவப்புல கொண்டை, ஒலகத்துல அந்தமான்ல மட்டும் தான் இருக்கு. அது மரத்துல தட்டுற சத்தம் முதல் தடவை கேட்டப்போ காசிமேட்ல படகு ரிப்பேர் பண்ற எடத்துல நிக்குற மாதிரியே இருந்துச்சு.

பறவை எல்லாம் காலைல எட்டரையோட முடிஞ்சுடும், அப்புறம் சாயங்காலம் வரைக்கும் மரம். என் வேலை அது தான்.

கயிறு கட்டி 20க்கு 20 மீட்டர் ப்ளாட் போடணும், உள்ள இருக்குற ஒவ்வொரு பெரிய மரத்துக்கும் டேப்பு சுத்தி சுத்தளவு எடுக்கணும், தரைலேர்ந்து 1.3 மீட்டர் உயரத்துல. அதுக்குள்ளயே 5க்கு 5ல இன்னொரு கட்டம், அதுல கன்னுங்க. அதுக்குள்ள 1க்கு 1, அதுல முளை. முதல் நாள் நான் பண்ண தப்பு இன்னும் ஞாபகம் இருக்கு. படாக் மரத்துக்கு அடில பலகை மாதிரி வேர் நாலா பக்கமும் எழுந்து நிக்கும், ஆள் ஒசரத்துக்கு மேல கூட போகும், நான் பாட்டுக்கு 1.3 மீட்டர்ல அந்த பலகை வேரையும் சேத்து டேப்பை சுத்தி எழுதிட்டேன். சாயங்காலம் ஷீட்டை பாத்த அக்கா, "இந்த மரம் மரமா, வீடா"ன்னு கேட்டுட்டு, பலகை வேர் முடியுற எடத்துக்கு மேல தான் எடுக்கணும்னு பொறுமையா சொல்லிக்குடுத்தாங்க. மறுநாள் போய் ஒம்பது மரத்தையும் திரும்ப அளந்தோம். எங்க கூட வந்த கேரன் அண்ணன் தான் கொடியை புடிச்சு மேல ஏறி டேப்பை போட்டாரு. அவரு மாயாபந்தர் பக்கம், 1925ல பர்மாலேர்ந்து வந்து குடியேறுன கேரன் மக்கள்ல மூணாவது தலைமுறை. இலையை கசக்கி மோந்து பாத்தே மரத்தை சொல்லுவாரு, அவரு சொன்ன ஒரு பேரு கூட என் புக்குல இல்ல, ஆனா அவரு ஒண்ணுன்னு சொன்ன ரெண்டு செடியும் கடைசில ஒண்ணாத்தான் இருந்துச்சு.

திரும்ப அளந்த அந்த நாள்ல தான் நான் முதல் தடவை ஒரு படாக் மரத்தை நிதானமா பாத்தேன். பட்டைல ஒரு எடத்துல காயம், அதுலேர்ந்து செவப்பா பிசின் வழிஞ்சு காய்ஞ்சிருந்துச்சு. விரலால தொட்டு பாத்தேன். அதே கலர். பக்கெட் தண்ணி கலர். டேப்பை கைல வெச்சுகிட்டு கொஞ்ச நேரம் பேசாம நின்னேன், அண்ணன் என்னாச்சுன்னு ஹிந்தில கேட்டாரு, எனக்கு அந்த ஹிந்தில சொல்ல வரல.

தெரியாத செடியெல்லாம் ஒரு கிளை ஒடிச்சு பேப்பர்ல வெச்சு அமுக்கி எடுத்துட்டு வரணும். இதுக்குன்னு எங்க தெரு பழைய பேப்பர் கடைல பத்து கிலோ தினத்தந்தி வாங்கிட்டு போயிருந்தேன். மெட்ராஸ்ல செடியை பேப்பர்ல வெச்சா ரெண்டு நாள்ல காயும், அங்க காத்துலயே தண்ணி, மூணாவது நாள் இலை தனியா காம்பு தனியா கழண்டு கருப்பா பூசணம் புடிச்சு வீணாப் போச்சு, பதினாலு சாம்பிள். அப்புறம் பேப்பரோட கட்டி ஸ்பிரிட் ஊத்தி பாலிதீன் கவர்ல காத்து போகாம சுத்தி வெச்சு, கீழ கேம்புக்கு வந்து தான் காய வெச்சோம். ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்துல பேப்பர் மாத்தும்போது நம்ம ஊர் செய்தி கண்ணுல படும், வியாசர்பாடில தண்ணி லாரி வரல, ராயபுரத்துல மறியல்னு, அதுக்கு மேல யாரும் இன்னும் பேர் வெக்காத மாதிரி ஒரு இலை கெடக்கும். வீட்டு ஞாபகம் அப்போ தான் ரொம்ப வரும்.

மேல போகப் போக மரமெல்லாம் குட்டையாயிடுது. உச்சிகிட்ட காத்து ஓயவே ஓயாது, மேகம் வந்து உக்காந்துடும், கிளையெல்லாம் பாசி. அங்க ஒரு மரத்துல கொழுந்து இலை செவப்பா தொங்கிட்டு இருந்துச்சு, வெள்ளைப் பூ, நடுவுல மஞ்சளா கொத்து மகரந்தம். மோந்து பாத்தா தெரிஞ்ச வாசனை. சிறுநாகப்பூ! ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைல ஆயா வாங்கிட்டு வரச்சொல்லும், பொட்டலத்துல காய்ஞ்ச மொட்டா. அதை பூவா பாக்குறதுக்கு நான் கடல் தாண்டி மலை ஏற வேண்டியிருந்துச்சு.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கீழ் சரிவுல ப்ளாட்டுக்கு மேல ப்ளாட்டா போட்டுட்டே வந்தோம், பெரிய மர லிஸ்டு நீளமா வருது, படாக், கர்ஜன், எல்லாம் அண்ணாந்து பாக்குற மரம். கன்னு கட்டத்துல மட்டும் நான் ஜீரோ, ஜீரோன்னு எழுதிட்டே இருக்கேன். முதல்ல எனக்கு எடம் சரியில்லையோன்னு தோணுச்சு. படாக் கன்னுக்கு நல்ல வெளிச்சம் வேணும், அடர் நிழல்ல அது எழும்பாது, அதனால அக்கா சொன்னாங்க, மரம் சாஞ்சு வெயில் விழுற எடமா பாத்து தனியா எடுப்போம்னு. எடுத்தோம். அங்க முளை இருந்துச்சு, விரல் நீளத்துக்கு, சாண் ஒசரத்துக்கு. முழங்காலுக்கு மேல ஒண்ணு கூட இல்ல. ஒரு முளையை குனிஞ்சு பாத்தா நுனி இல்ல, அந்த எடம் நார் நாரா கிழிஞ்சு நிக்குது. கேரன் அண்ணன் பாத்த உடனே "ஹிரன்"னாரு. மானு. மானுக்கு மேல் வரிசைல முன்பல்லு கிடையாது, அதனால அது வெட்டி திங்காது, புடிச்சு இழுத்து கிழிச்சு தான் திங்கும், பூச்சி கடிச்சா இப்படி இருக்காதுன்னு அக்கா காட்டுனாங்க. அன்னிலேர்ந்து எங்க பாத்தாலும் எனக்கு அந்த கிழிசல் தான் தெரிஞ்சுது.

புள்ளிமான் அந்தமானோட மிருகமே இல்ல. இருபதாம் நூத்தாண்டு ஆரம்பத்துல பிரிட்டிஷ்காரங்க வேட்டையாடுறதுக்காக கொண்டாந்து விட்டது. அங்க புலி கிடையாது, சிறுத்தை கிடையாது, மானை புடிக்குறதுக்கு ஆளே இல்ல. நீந்தி ஒரு தீவுலேர்ந்து இன்னொரு தீவுக்கும் போயிடுது. அந்த மரங்க இப்படி ஒரு வாயை பாத்து வளந்ததே கிடையாது. டூரிஸ்ட்டு வந்து மானோட போட்டோ எடுத்துகிட்டு சந்தோசமா போறாங்க, அவங்களை தப்பு சொல்லல, மானும் என்ன பண்ணும் பாவம். ஆனா எனக்கு கோவம் வருது, இன்னிக்கும் வருது. மேலேர்ந்து பாத்தா பச்சையா, கடல் வரைக்கும் காடா தெரியுது, எல்லாம் நல்லாருக்குன்னு தோணும். அங்க நிக்குற படாக்கு கோடாலிக்கு தப்பிச்சுடுச்சு, அதுக்கு அப்புறம் அந்த எடத்துல நிக்கப்போறது யாருன்னு கேட்டா என் ஷீட்ல பதில் ஜீரோ. நூறு வருஷம் கழிச்சு தான் இது வெளிய தெரியும், அதுக்கு முன்னாடி தெரியணும்னா யாராவது முட்டி போட்டு, அட்டை கடிச்சாலும் பரவால்லன்னு, அந்த ஒரு மீட்டர் கட்டத்தை உத்துப்பாத்து ஒண்ணுமில்லன்னு எழுதணும். ஒருநாள் மழைல மூணு கட்டம் மிச்சம் இருந்தப்போ, எப்படியும் ஜீரோ தானே, கேம்புல போய் எழுதிக்கலாமான்னு கூட வந்த பையன் கேட்டான். போய் பாத்தோம். ரெண்டுல ஜீரோ, ஒண்ணுல முட்செடி புதருக்கு நடுவுல ஒரு படாக் கன்னு, என் இடுப்பு ஒசரம், ஒரு இலை கூட கடிபடாம. அந்த பையன் தான் அதுக்கு டேக் கட்டுனான்.

ஏப்ரல் கடைசில வீட்டுக்கு வந்தேன். அம்மா என் காலை பாத்து அழுதுச்சு, அட்டை கடிச்ச தழும்பு. நைனா சாப்டு முடிக்குற வரைக்கும் காத்துகினு இருந்தாரு, அப்புறம் கேட்டாரு, "பெருசா எவ்ளோ சுத்தளவு பாத்த?"

"427 சென்டிமீட்டர் நைனா. பதினாலு அடி."

"அடில நேரா எவ்ளோ போவுது?"

"நாப்பது அடிக்கு கிளையே இல்ல."

அவரு கண்ணை மூடிகிட்டாரு. பதினாலுல நாலுல ஒரு பங்கு மூன்றரை, அதை அதாலயே பெருக்கி, நாப்பதால பெருக்கி, விரல் மடக்கி மரவாடி கணக்கு போடுறாரு. "நானூத்தி தொண்ணூறு கன அடி"ன்னாரு. அவ்ளோ பெரிய மரம் எங்க வாடிக்கு வந்ததே இல்லன்னு சொல்லிட்டு சும்மா இருந்தாரு. கொஞ்ச நேரம் கழிச்சு, "அதும் கீழ கன்னு கீதா?"ன்னு கேட்டாரு.

நான் பையிலேர்ந்து ஷீட் ஜெராக்ஸை எடுத்து காட்டுனேன். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது, ஆனா நம்பர் வரும். அந்த ஸ்டூல்ல உக்காந்து, கன்னு எண்ணிக்கை எழுதுன வரிசைல மேலேர்ந்து கீழ விரலை வெச்சு ஒவ்வொரு வரியா எறக்கிட்டே வந்தாரு, கடைசி பக்கத்துல 1ன்னு இருந்த எடத்துல விரல் நின்னுச்சு.

"இது எங்க கீது?"ன்னாரு.