வியாழக்கிழமைகள்

மார்ச் 28, 2024, வியாழன்

எங்கள் பேஸ்பால் டீம் ஓக்லாந்து அத்லெடிக்ஸ் கிளீவ்லாந்திடம் 8-0 தோல்வி. சீசனின் முதல் ஆட்டமே இப்படி.

நாங்கள் உள்ளே போகவில்லை. நிறைய பேர் போகவில்லை. பார்க்கிங் லாட்டிலேயே நின்றோம், பச்சைச் சட்டையும் எலுமிச்சை சாதமுமாக. ரைட் ஃபீல்டில் அடிக்க வேண்டிய மேளத்தை வெளியே தார் ரோட்டில் வைத்து அடித்தார்கள். டீமை ஊரைவிட்டுக் கொண்டுபோகிற முதலாளியைப் பார்த்து "விற்றுவிட்டுப் போ" என்ற கத்தல் சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டிருக்கும். உள்ளே இருந்தவர்கள் 13,522 பேராம். இத்தனை வருஷத்தில் வாசல் வரை வந்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பியது இதுதான் முதல் தடவை. இவர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை.

திங்கட்கிழமை ஸ்கேன்.

ஏப்ரல் 4, வியாழன்

டீம் சாக்ரமெண்டோவுக்குப் போகிறதாம். மூன்று வருஷம் அங்கே, கீழ்நிலை அணிகள் ஆடும் மைனர் லீக் மைதானத்தில், 14,000 பேர் உட்காரும் இடத்தில். அப்புறம் லாஸ் வேகஸ். 2019-இல் கூடைப்பந்து டீம் வாரியர்ஸ் பாலத்தைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனார்கள். 2020-இல் அமெரிக்கக் கால்பந்து டீம் ரெய்டர்ஸ் அதே வேகஸுக்குப் போனார்கள். மிச்சம் இருந்தது இவர்கள்தான். 1968-இல் கான்சஸ் சிட்டியிலிருந்து வந்தவர்கள்.

சாக்ரமெண்டோவில் ஆடும்போது பெயரோடு எந்த ஊரும் சேராதாம். வெறும் 'அத்லெடிக்ஸ்'. இதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எங்கள் அப்பா கையெழுத்துப் போட்டால் முதலில் ஊரின் எழுத்து வரும், பிறகு தாத்தாவின் எழுத்து, அதற்கப்புறம்தான் அவர் பெயர். அந்த ஊரில் அவர் பத்து வருஷம்கூட இருந்ததில்லை. ஆனாலும் விட்டதில்லை.

ஏப்ரல் 9

போன் வரவில்லை.

ஏப்ரல் 11

வந்தது.

மே 4, சனி

மயாமியை 20-4! மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் பத்து ரன். திருச்சியிலிருந்து அண்ணன் கூப்பிட்டபோது இதைத்தான் முதலில் சொன்னேன். "இருபது ரன்னா? அதுக்கா இவ்வளவு கத்துற?" என்றார். சிரித்துக்கொண்டே இருந்துவிட்டு திடீரென்று, "ஆபரேஷன் என்னைக்கும்மா?" என்றார். 14 என்றேன்.

மே 22

குழாயை எடுத்துவிட்டார்கள். இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. எங்கள் ஆட்டக்காரர் பட்லரை மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது. ரேடியோவை அணைக்கத்தான் மனசு வரவில்லை.

ஜூன் 30

சுவரில் விரலால் எறும்பு போல ஏறும் பயிற்சி. இன்று காலண்டரின் மேல்விளிம்பு வரை.

ஜூலை 14, ஞாயிறு

ஃபிலடெல்ஃபியாவில் 18-3. லாரன்ஸ் பட்லர் மூன்று ஹோம் ரன். மே மாசம் கீழே அனுப்பிய அதே பையன், 24 வயசு. மூன்றாவது பந்து பறந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு கையும் மேலே இருந்ததை இவர்தான் பார்த்துச் சொன்னார். "ஏம்மா, கை!"

ஜூலை 18, வியாழன்

முதல் ஊசி. ஆல்-ஸ்டார் விடுமுறை, ஆட்டம் இல்லை. நாலரை மணி நேரம் சாய்வு நாற்காலியில் இருந்தேன். போகும்போதும் வரும்போதும் 880 நெடுஞ்சாலையில் எங்கள் டீமின் மைதானமான கோலிசியத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நர்ஸ் ஒரு தாள் கொடுத்தார். பச்சைக் காய்கறி கூடாது. பூ கூடாது. கூட்டம் கூடாது. மண்ணைத் தொடக் கூடாது. பால்கனிக் கறிவேப்பிலைச் செடி இனி இவர் பொறுப்பு.

இருபத்தோரு நாளைக்கு ஒரு தடவை. வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் வட்டம் போட்டேன்: ஆகஸ்ட் 8, ஆகஸ்ட் 29, செப்டம்பர் 19. ஊசி போட்டு ஏழாம் நாளிலிருந்து வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும் என்று தாளில் இருக்கிறது. 19-உம் 7-உம் 26.

26-ஆம் தேதி ஓக்லாந்தில் கடைசி ஆட்டம். மூன்று டிக்கெட் ஏப்ரலிலேயே வாங்கிவிட்டோம்.

ஆகஸ்ட் 3

தலையணையில். மகள் ஒன்றும் சொல்லாமல் தன் பச்சைத் தொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். மஞ்சள் எழுத்து ஓரத்தில் பிரிந்திருக்கிறது. அதை ஒட்டித் தைத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

பக்கத்து சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜயண்ட்ஸ் வந்திருக்கிறார்கள். இனி அவர்கள் ஓக்லாந்துக்கு வரப்போவதில்லை. காய்ச்சல் 99.8. 100.4 தாண்டினால் கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் தெர்மாமீட்டர்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மூன்றாவது. அடுத்ததை ஒரு வாரம் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தள்ள வேண்டாம் என்றார்.

செப்டம்பர் 4

இதே நாள், 2002. இவர் ஆபீஸில் யாரோ கொடுத்த இரண்டு டிக்கெட். எனக்கு ஏழாம் மாசம். அமெரிக்கா வந்து மூன்று வருஷம், பேஸ்பாலில் ஒரு எழுத்துத் தெரியாது. பார்ட் ரயிலில் இறங்கி அந்த நீளமான கம்பிவேலிப் பாலத்தில் நடந்தபோது கூட்டத்தைப் பார்த்துப் பயந்தேன். ஒரு வயசான கறுப்பினப் பெண்மணி என் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கையையும் விரித்து எனக்கு முன்னால் நடந்தார். வாசல் வரை யாரும் என்மேல் இடிக்கவில்லை.

தொடர்ந்து பத்தொன்பது ஆட்டம் ஜெயித்திருந்தார்கள். இது இருபதாவது. மூன்று இன்னிங்ஸில் 11-0. "ஜெயிச்சாச்சு, கிளம்பலாமா?" என்றார் இவர். எனக்கு உட்கார்ந்த இடம் சுகமாக இருந்தது, இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். அப்புறம் கான்சஸ் சிட்டி ஒன்றொன்றாக எடுத்து ஒன்பதாவதில் 11-11. ஐம்பத்தைந்தாயிரம் பேரும் வாயடைத்துப்போனோம். கடைசியில் பெஞ்சிலிருந்து ஹேட்டபெர்க் வந்தார். அடித்த பந்து வலது பக்கச் சுவரைத் தாண்டிப் போனபோது வயிற்றுக்குள் அவள் உதைத்தாள். சத்தத்துக்கு உதைத்தாள் என்று இவர் சொல்வார். இருக்கலாம்.

பாழடைந்த இடம், சாக்கடை பொங்கும், விளக்கு எரியாது, பெருச்சாளி போன்ற போஸம் குடியிருக்கிறது என்றெல்லாம் எழுதுகிறார்கள். எல்லாம் உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு ஒரு குடும்பம் இடம் பிடித்து ஒரு மாலை முழுக்க உட்காரக்கூடிய வேறு இடம் இந்த வட்டாரத்தில் எங்கே? புது மைதானங்களில் எங்களைப் போன்றவர்கள் திரையில்தான் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

நாலாவது. போகும்போது கோலிசியம் விளக்குத் தூண்களை எண்ணினேன், வரும்போது கண்ணைத் திறக்க முடியவில்லை.

செப்டம்பர் 22

நியூயார்க் யாங்கீஸுடன் ஆட்டம். வாயெல்லாம் புண். மோர் மட்டும்.

செப்டம்பர் 24

டெக்ஸாஸை 5-4. கடைசி அடி ஜேக்கப் வில்சன். தூங்கவில்லை. நாளைக்கு ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளை அணு ஆயிரம் இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு மேல் அடுக்கில், காற்று வரும் ஓரமாக, ஐந்து இன்னிங்ஸ் மட்டும். அந்தப் பாலத்தில் நடக்க முடியாது, இவர் வண்டியில் விட்டுவிடட்டும். எட்டு நூறு இருந்தாலும் போகலாம். எட்டு நூறு.

செப்டம்பர் 25

நானூறு.

செப்டம்பர் 26, வியாழன்

மகளையும் அவள் தோழிகள் இரண்டு பேரையும் அனுப்பிவைத்தேன். முதலில் இவரைத்தான் போகச் சொன்னேன். "ஏங்க, நீங்களாவது போங்க." செருப்பைக்கூட எடுக்கவில்லை.

ஜன்னலோரம் ரேடியோ. கென் கோரக் குரல். 1996-இலிருந்து ரேடியோவில் எங்கள் டீமின் ஆட்டங்களைச் சொல்லிவருகிறவர், இவருக்கும் எனக்கும் ஆங்கிலம் காதில் படிந்ததில் பாதி அந்தக் குரலால். பழைய ஆட்டக்காரர் பேரி ஜிட்டோ தேசிய கீதம் பாடினார். அவரைப் போலவே பழைய ஆட்டக்காரர்களான ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் ஆட்டம் தொடங்குமுன் சம்பிரதாயமான முதல் பந்துகளைப் போட்டார்கள். இரண்டு பேரும் ஓக்லாந்தில் வளர்ந்த பிள்ளைகள். 46,889 பேர். மார்ச்சில் வெளியே நின்றவர்கள் எல்லாரும் இன்று உள்ளே இருந்திருப்பார்கள்.

பந்து வீசிய ஜின் நன்றாகப் போட்டார். 3-2. ஒன்பதாவதுக்கு மேசன் மில்லர். நூறு மைலுக்கு மேல் போடுகிற பையன். எனக்கு அவன் நிதானமாகப் போட வேண்டும் போலிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம். கடைசிப் பந்து மூன்றாவது பேஸ் பக்கம் தரையோடு உருண்டது. ஷூமன் எடுத்து எறிந்தார். முடிந்தது.

கோரக் கொஞ்ச நேரம் பேசவில்லை. கூட்டத்தின் சத்தம் மட்டும் வந்துகொண்டே இருந்தது. இவர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார், பாத்திரம் எதுவும் இல்லை அங்கே.

மேனேஜர் காட்ஸே மைக்கை வாங்கிக் கூட்டத்துக்கு நன்றி சொன்னார், "லெட்ஸ் கோ ஓக்லாந்து" என்று கடைசியாக ஒரு தடவை கத்தச் சொன்னார். நானும் கத்தினேன். வாய்ப்புண் பிளந்து ரத்தம்.

செப்டம்பர் 27

நேற்று ஆட்டம் முடிந்தபிறகு மைதான ஊழியர்கள் இன்ஃபீல்டு மண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தார்களாம். பெரிய பெரிய ஆண்கள் காகிதக் கோப்பையை நீட்டி அழுதுகொண்டு நின்றார்கள் என்றாள் மகள். அவள் கொண்டுபோனது நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில், முந்தின நாளே கழுவிக் காயவைத்திருக்கிறாள். செம்பழுப்பு மண், மூன்று விரல் உயரம். மூடியைச் சுற்றி டேப். "நீ தொடக் கூடாதும்மா, பார்க்கலாம்" என்று தூரத்திலேயே பிடித்துக் காட்டினாள்.

அதில் ஒரு புல்லின் வேர் இருக்கிறது. கண்ணாடியோடு ஒட்டி, வெள்ளையாக.

செப்டம்பர் 29

சியாட்டிலில் 6-4 தோல்வி. 69 வெற்றி, 93 தோல்வி. போன வருஷம் 50-தான்.

அக்டோபர் 3, வியாழன்

ஆட்டமும் இல்லை, ஊசியும் இல்லை. காலையில் பழக்கத்தில் ரேடியோவைப் போட்டுவிட்டேன்.

அந்த வேர் நேற்றைவிட நீளமாக இருக்கிறதா? இவரிடம் ஸ்கேல் கேட்டேன். பாட்டிலுக்கு வெளியிலிருந்து வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று