ஸ்ட்ரோஸி மாளிகை அட்டை மாடல்: கார்னிஸ் (கூரையோர விளிம்பு) வரை வந்தாச்சு

இத்தாலியில் ஃபிளாரன்ஸ் நகரத்தின் பலாஸ்ஸோ ஸ்ட்ரோஸி மாடலில் மூன்று தளச் சுவர்களும் எழும்பிவிட்டன. அளவு 1:200.

நேரத்தைத் தின்றது கல் முகப்புதான். அசல் கட்டடத்தில் கற்கள் தலையணை மாதிரி உப்பி நிற்கும். மேலே போகப் போக உப்பல் குறையும். அட்டையில் வெறும் கோடு போட்டால் இது வராது. அதனால் தரைத்தளத்துக்கு 2 மி.மீ. ஃபோம் ஷீட் எடுத்தேன். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் ஓரம் அமுங்கி, நடுப்பகுதி தானாகவே உருண்டு நிற்கிறது. அடுத்த தளத்துக்கு 1 மி.மீ., அழுத்தமும் குறைவு. மேல்தளத்தில் ஐவரி அட்டை, லேசான கீறல், அவ்வளவுதான். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் நிழல் படிப்படியாக மெலிவது தெரிகிறது.

கட்டியவர் வங்கிக்காரர் ஃபிலிப்போ ஸ்ட்ரோஸி. ஃபிளாரன்ஸில் அதிகாரம் செலுத்திய மெடிச்சிகள் நாடுகடத்திய குடும்பம். நேப்பிள்ஸில் சம்பாதித்து 1466-ல் ஊர் திரும்பினார். சுற்றியிருந்த வீடுகளை வாங்கி இடித்து, ஜோசியரிடம் நாள் குறித்து, 1489 ஆகஸ்ட் 6 அன்று அஸ்திவாரம் போட்டார். நாள் பார்த்தும் என்ன, 1491-லேயே போய்ச் சேர்ந்தார். வேலை இழுத்துக்கொண்டே போய் 1538-ல் ஓய்ந்தது. அதே ஆண்டு அவர் மகன், இளைய ஃபிலிப்போ, கோசிமோ மெடிச்சியின் சிறையில் இறந்தார், மாளிகையும் பறிபோனது. முப்பது வருடம் கழித்துத்தான் திரும்பக் கிடைத்தது. அப்புறம் 1937 வரை குடும்பத்திடமே இருந்தது.

சரி, கார்னிஸ். கட்டடக் கலைஞர் குரோனாக்கா வடிவமைத்த அந்தப் பெரிய ரோமானிய பாணி விளிம்பு ஒரு பகுதியில் பாதியோடு நின்றுவிட்டது, இன்றுவரை அப்படியேதான். மாடலிலும் அங்கேயே நிறுத்தப் போகிறேன். பார்ப்பவர்கள் 'இன்னும் முடிக்கலையா?' என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். முதல் திட்டத்தைக் காட்ட, கட்டடக் கலைஞர் ஜூலியானோ தா சாங்கல்லோவின் மர மாடல் இன்றும் இருக்கிறது. நான் செய்வது தெருவில் நிற்கும் கட்டடத்தை.

மூலைகளில் தொங்கும் இரும்பு விளக்குகளுக்குச் செம்புக் கம்பி முறுக்கி வைத்திருக்கிறேன். அசலைச் செய்த கொல்லர் நிக்கோலோ குரோஸ்ஸோ முன்பணம் வாங்காமல் வேலையைத் தொடமாட்டாராம், கெட்டிக்காரர். அடுத்து உள்முற்றத்துத் தூண்கள். அதற்குப் பல்குத்தும் குச்சி சரிவருமா, காகிதக் குழல் சுருட்டுவதா என்று பார்க்க வேண்டும்.