கழுத்தில் இருந்த கோடு

"அந்தப் பொண்ணே தூக்கு மாட்டியிருக்கலாம் இல்லையா, மேடம்?"

எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதும் கூண்டில் நின்ற அரசு மருத்துவர் தன் கழுத்திலேயே விரலை வைத்துக் காட்டினார். இன்று காலை, சேலம் அஸ்தம்பட்டி நீதிமன்றத்தில், ஒரு பெண்ணைக் கழுத்தை நெரித்துக் கொன்றதாகச் சொல்லும் வழக்கில்.

தூக்கில் தொங்கினால் கயிற்றுத் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே சாய்வாக ஏறும், முடிச்சுப் பக்கம் விட்டுப்போகும். இந்த உடலில் அது குரல்வளைக்குக் கீழே, படுக்கைவாட்டில், கழுத்தை முழுசாகச் சுற்றியிருந்தது; கயிற்றால் நெரித்தால் பெரும்பாலும் விழும் தடம் அது.

"கழுத்தில் இருக்கும் ஹையாய்டு எலும்பு உடையவில்லையே?"

"இளவயதில் அது வளைந்து கொடுக்கும் சார். உடையாததாலேயே நெரிக்கவில்லை என்று சொல்ல முடியாது."

மருத்துவர் சொல்வது கருத்துதான், தீர்ப்பு இல்லை. சரி. ஆனால் அந்தக் கருத்துக்குப் பலம், பிரேதப் பரிசோதனை அன்றே தடத்தின் அகலம், இடம், திசை எல்லாம் அளந்து எழுதியதில் இருக்கிறது. விசாரணைக்கு வரும்போது உடல் இருக்காது, தாள்தான் இருக்கும்.

விஷச் சந்தேகத்திலும் இப்படித்தான். உள்ளுறுப்புகளை உப்புக் கரைசலில் வைக்காமல் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிட்டால் பல விஷங்களைக் கண்டுபிடிப்பதே கஷ்டம்.

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டம், 7 ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய அறிவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வரவேண்டும் என்கிறது. அதைக் கட்டாயமாக்க மாநிலங்களுக்கு 5 ஆண்டு அவகாசம்.

ஏற்காட்டு மலைக் கிராமத்தில் இறந்தவருக்கும் சேலம் டவுனில் இறந்தவருக்கும் ஒரே அக்கறையோடு அந்த அளவுகள் எழுதப்பட வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.