வெளிர் பிட்டரைச் சுவைத்து மதிப்பிடுதல்: பிஜேசிபி சுவைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு

பிஜேசிபி (பீர் நடுவர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பு) நடத்தும் சுவைத் தேர்வில் 90 நிமிடத்தில் ஆறு பீர்களை மதிப்பிட வேண்டும். ஒரு பீருக்குக் கால் மணி நேரம். பீரின் வகைப் பெயரை மட்டும் சொல்வார்கள், வகைக் கையேட்டைப் புரட்ட முடியாது. அனுபவமுள்ள நடுவர்கள் தனியே உட்கார்ந்து அதே ஆறையும் சுவைத்து மதிப்பெண் போடுவார்கள். உங்கள் தாள் அவர்கள் தாளோடு ஒப்பிடப்படும். ஸ்டவுட், ஐபிஏ போன்ற, சுவை அழுத்தமான பெரிய பீர்களில் எழுத நிறைய இருக்கும். தடுமாற்றம் வருவது ஆங்கிலேய பிட்டர் (கசப்பு மேலோங்கும் பீர் வகை) போன்ற, ஆல்கஹால் குறைந்த சின்ன பீரில்தான், அதுவும் நிறம் வெளிறியதாக இருந்தால் இன்னும் அதிகம். "இதில் ஒன்றுமே இல்லையே" என்று நினைத்து 50க்கு 28 போட்டுவிட்டு நகர்பவர் அங்கேயே தோற்கிறார். அந்த பீருக்கு நடுவர்கள் 41 போட்டிருக்கக்கூடும்.

முதலில் வகைப் பெயர். "வெளிர் பிட்டர்" என்று பிஜேசிபி கையேட்டில் தனி வகை கிடையாது. பிட்டருக்கு அங்கே மூன்று படிகள். ஆர்டினரி பிட்டர் 3.2 முதல் 3.8 சதவீத ஆல்கஹால், தொடக்க அடர்த்தி (நொதிக்குமுன் மால்ட் சாற்றின் அடர்த்தி) 1.030 முதல் 1.039, கசப்பு 25 முதல் 35 ஐபியூ (கசப்பின் அலகு). பெஸ்ட் பிட்டர் 3.8 முதல் 4.6 சதவீதம், கசப்பு 25 முதல் 40. ஸ்ட்ராங் பிட்டர் 4.6 முதல் 6.2 சதவீதம், கசப்பு 30 முதல் 50. இவற்றுக்குப் பக்கத்திலேயே பிரிட்டிஷ் கோல்டன் ஏல் என்று பொன்னிற பீர் வகை ஒன்று நிற்கிறது. 1980களில் எக்ஸ்மூர் கோல்ட், சாலிஸ்பரியின் ஹாப் பேக் ஆலையில் பிறந்த சம்மர் லைட்னிங் ஆகியவை வழியாகப் பிரபலமானது அது. வைக்கோல் நிறத்தில் ஒரு பீர் வந்து, சீட்டில் "பெஸ்ட் பிட்டர்" என்றிருந்தால் கோல்டன் ஏலாக நினைத்து மதிப்பிடக் கூடாது. கோல்டன் ஏலில் ஹாப்ஸ் (கசப்பும் மணமும் தரும் பூ) மணம் முன்னால் நிற்கும், மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பின்னணியில் ஒதுங்கும், கேரமல் சுவை இராது. பிட்டரில் மால்ட்டும் ஈஸ்ட் தரும் பழமணமும் ஹாப்ஸோடு சேர்ந்தே வர வேண்டும், கடைசியில் கசப்பு ஒரு படி மேலே நின்று வாயை உலர்த்த வேண்டும்.

நிறத்துக்காகக் கைகூசாமல் மதிப்பெண்ணை வெட்டுவது பெரிய தவறு. கையேடு பிட்டருக்கு வெளிர் ஆம்பர் முதல் செம்பு வரை சொல்கிறது. ஆனால் வடமேற்கு இங்கிலாந்தில் வைக்கோல் நிற பிட்டர் பழைய வழக்கம். மான்செஸ்டரின் பாடிங்டன்ஸ் பிட்டர் 1970களில் பெயர் வாங்கியதே வெளிறிய நிறத்துக்கும் உலர்ந்த கசப்புக்கும்தான். (அதை வடித்த ஸ்ட்ரேஞ்ச்வேஸ் ஆலை 2005இல் மூடப்பட்டது.) தோற்றத்துக்கு மொத்தமே 3 மதிப்பெண். நிறம் வகைக்கு வெளியே போனதாகத் தோன்றினால் ஒன்று குறையுங்கள், ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், அத்தோடு விடுங்கள். அந்தக் கோபத்தை மணத்திலும் சுவையிலும் காட்டக் கூடாது.

மதிப்பெண் பங்கீடு மனதில் பதிந்திருக்க வேண்டும்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, ஒட்டுமொத்தம் 10. ஆக 50.

பீர் கைக்கு வருமுன் காலி கப்பை முகர்ந்து பாருங்கள். பிளாஸ்டிக் கப்பாக இருந்தால் அதற்கே ஒரு வாடை இருக்கும், அதை பீரின் தலையில் கட்டிவிடக் கூடாது. 60 மில்லி ஊற்றினால் போதும், கப்பில் மேலே காலியிடம் இருந்தால்தான் மணம் தங்கும். ஊற்றிய உடனே முகருங்கள். கந்தக வாடை முதல் நிமிடத்திலேயே ஓடிவிடும். பர்ட்டன் ஆன் ட்ரென்ட் ஊரின் ஜிப்சம் (ஒரு கால்சிய உப்பு) நிறைந்த நீரில் வடித்த பிட்டரிலும், அந்த நீரைப் பார்த்து அதே போன்ற உப்புகளைச் சேர்த்து வடித்த பிட்டரிலும், தீக்குச்சி உரசியதுபோல் லேசாக ஒரு கந்தகம் எழும். லேசாக இருந்தால் அது அந்த ஊரின் அடையாளம். அழுகிய முட்டை வாடைதான் பிழை.

குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்த பிட்டர் ஊமையாக இருக்கும். இங்கிலாந்து பப்புகளில் காஸ்க் பீரை (பீப்பாயிலேயே முதிர்ந்து நேராகப் பரிமாறப்படும் பீரை)ப் பரிமாறும் வெப்பம் 11 முதல் 13 டிகிரி. ஆகவே முதல் முகர்வில் கிடைத்ததைக் குறித்துக்கொண்டு கப்பை உள்ளங்கையில் பொத்திப் பிடியுங்கள். ஏழெட்டு நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்தால் வேறு பீர்போல இருக்கும். மணப் பகுதியில் அதற்காக இரண்டு வரி காலியாக விட்டு வையுங்கள்.

மால்ட்டில் தேடுவது பிஸ்கட், ரொட்டியின் மேல்தோல், லேசாக வாட்டிய தானியம். மாரிஸ் ஆட்டர் வகை பார்லி கொட்டைச் சாயலும் பிஸ்கட்டும் தரும். ஹாப்ஸில் கிழக்கு கென்ட் கோல்டிங்ஸ் ரகம் என்றால் பூவும் மண்வாசனையும் சற்றே காரச் சாயலும், ஃபகிள் என்றால் மரப்பட்டை, காய்ந்த புல், சேலஞ்சர் என்றால் ஆரஞ்சு மர்மலேட். ஈஸ்டிலிருந்து பேரிக்காய், பழுத்த ஆப்பிள். எதை எழுதினாலும் அளவும் அடையாளமும் சேர்ந்தே வர வேண்டும். "மால்ட் நன்றாக இருக்கிறது" என்ற வரிக்கு மதிப்பெண் கிடையாது. "மால்ட் மிதத்துக்குச் சற்றுக் குறைவு, பிஸ்கட், ரொட்டித் தோல். ஹாப்ஸ் மணம் மிதம், மண்வாசனை, பூ. பேரிக்காய் லேசு. டயாசெட்டில் இல்லை" (டயாசெட்டில் என்பது நொதிப்பில் உண்டாகும் வெண்ணெய் வாடைப் பொருள்) என்று எழுதினால் அங்கே விவரிப்பும் முழுமையும் ஒருசேர நிறைவேறுகிறது. தேர்வுத் தாளைத் திருத்துபவர்கள் ஐந்தைப் பார்க்கிறார்கள்: மதிப்பெண் நெருக்கம் (நடுவர் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு அருகில்), உணரும் திறன், விவரிப்பு, திருத்தக் குறிப்பு (வடித்தவருக்கான ஆலோசனை), முழுமை. ஒவ்வொன்றுக்கும் சம பங்கு. அதனால் "இல்லை" என்பதையும் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் கவனிக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

வெளிர் பிட்டருக்கே உரிய ஒரு துப்பு உண்டு, இதைக் கையில் வைத்துக்கொண்டால் பாதிப் பிழைகள் பிடிபடும். டோஃபி, கேரமல் மணம் கிரிஸ்டல் மால்ட்டிலிருந்து (கேரமல் சுவை வரும்படி வறுத்த மால்ட்) வந்தால் நிறமும் கூடவே வந்திருக்கும். பீர் வைக்கோல் நிறத்தில் இருக்கிறது, மூக்கில் டோஃபி அடிக்கிறது என்றால் அது பெரும்பாலும் மால்ட்டிலிருந்து வந்ததில்லை. டயாசெட்டிலாக இருக்கலாம், காற்றுப்பட்டுப் பழசானதாக இருக்கலாம். பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. டயாசெட்டில் என்றால் சூடேற ஏற வெண்ணெய் தடவிய பாப்கார்ன் வாடை ஏறும், நாக்கில் எண்ணெய் வழுவழுப்பு இருக்கும். பழசானது என்றால் தேன் சாயல் சேரும், ஹாப்ஸ் மணம் மங்கியிருக்கும், பின்சுவையில் நனைந்த அட்டைப்பெட்டி தெரியும். ஆங்கிலேய ஈஸ்டில் மிக லேசான டயாசெட்டில் இந்த வகையில் பொறுத்துக்கொள்ளப்படுவது. ஹாப்ஸை மூடும் அளவுக்குப் போனால்தான் வெட்ட வேண்டும். பழுத்த ஆப்பிளும் அசிட்டால்டிஹைடும் இன்னொரு குழப்பம். முன்னது இனிக்கும். பின்னது பச்சை ஆப்பிள் தோலைக் கடித்ததுபோல் கூர்மையாக, பெயின்ட் சாயலோடு இருக்கும்.

ஒளிபட்ட வாடையும் இங்கே அடிக்கடி வரும். நிறமில்லாக் கண்ணாடிப் பாட்டிலில் விற்கும் ஆங்கிலேய ஏல்கள் இருப்பதால் அப்படி. ரப்பர் கருகியதுபோல், பழைய பூண்டுபோல் மூக்கைக் குத்தும். ஹாப்ஸின் கசப்புச் சேர்மங்கள் ஒளியில் சிதைந்து உண்டாவது, எனவே வடித்தவர் மேல் குற்றமில்லை, வைத்த இடம் சரியில்லை என்று எழுதுங்கள்.

சுவைக்கு வருவோம். கசப்பையும் துவர்ப்பையும் ஆங்கிலத்தில் நினைப்பவர்கள் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள். தமிழில் இரண்டும் வெவ்வேறு சுவை என்று சிறுவயதிலேயே நாக்குக்குத் தெரியும். பாகற்காய் கசப்பு, கடுக்காய் துவர்ப்பு. அந்தப் பழக்கத்தை இங்கே பயன்படுத்துங்கள். கசப்பு நாக்கின் பின்பகுதியில் நின்று மெல்லக் கரையும். துவர்ப்பு ஈறையும் கன்னத்தின் உட்புறத்தையும் இழுத்துப் பிடிக்கும். முதலாவதைச் சுவைப் பகுதியிலும் இரண்டாவதை வாயுணர்விலும் எழுத வேண்டும். நல்ல பிட்டரில் கசப்பு மிதத்துக்கு மேல் இருக்கும், துவர்ப்பு இருக்காது.

இன்னொன்று: 30 ஐபியூ கசப்பு ஐபிஏ குடித்துப் பழகிய நாக்குக்குச் சாதாரணமாகத் தோன்றும். அது 1.035 அடர்த்தியில் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுங்கள். தாங்கிப் பிடிக்க மால்ட் குறைவு, ஆகவே அந்த அளவே போதுமான கசப்பு. தண்ணீராக இருக்கிறது என்று எழுதுமுன் இரண்டாவது வாய் குடியுங்கள், விழுங்கிய பிறகு பத்து நொடி காத்திருங்கள். பின்சுவையில் மால்ட்டும் கசப்பும் சேர்ந்து நின்றால் அது மெலிந்த பீர் இல்லை, லேசான பீர். இங்கிலாந்தின் கீத்லி ஊரில் வடிக்கும் திமத்தி டெய்லர் லேண்ட்லார்ட் நிறத்தில் வெளிர் பக்கம் நிற்கும் பெஸ்ட் பிட்டர். சாம்பியன் பீர் ஆஃப் பிரிட்டன் பட்டத்தை நான்கு முறை வென்றது. அதை நிதானமாகக் குடித்துப் பார்த்தவர்களுக்கு நாலு சதவீதத்தில் எவ்வளவு அடங்கும் என்று தெரியும்.

நுரைப்புக் குறைவு பிழையன்று. காஸ்க் பிட்டரில் கரிவளி (கார்பன் டையாக்சைடு) பீரின் கன அளவில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். பாட்டிலில் வந்தது கூடுதலாக இருப்பதும் ஏற்கத்தக்கதே. ஆனால் நாக்கைக் குத்தும் அளவுக்குப் பொங்கினால் மால்ட் அடிபட்டுப் போகும், அங்கே குறையுங்கள்.

ஒட்டுமொத்தப் பகுதியில்தான் திருத்தக் குறிப்பு வரும். என்ன பிழை, எதனால், அடுத்த முறை எதை மாற்றுவது என்று மூன்றும் வேண்டும். டயாசெட்டில் இருந்தால்: ஆங்கிலேய ஈஸ்ட் சீக்கிரம் அடியில் படிந்துவிடும் வகை, மிச்ச வேலையை முடிக்காமலே தூங்கிவிடும். நொதிப்பு முடியும் தறுவாயில் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்துப் பிறகு குளிரூட்டச் சொல்லுங்கள், போதுமான ஈஸ்ட் போடச் சொல்லுங்கள். துவர்ப்பு என்றால் மால்ட் சக்கையை அலசும் நீர் 77 டிகிரியைத் தாண்டியிருக்கும், அல்லது சாறு நீர்த்துப்போன பிறகும் அலசியிருப்பார்கள், சாற்றின் அடர்த்தி 1.010க்கு வந்ததும் நிறுத்தச் சொல்லுங்கள். பீரின் உடல் (வாயில் உணரும் கனம்) மெலிந்திருந்தால் மாவூறல் வெப்பத்தை (அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் வெப்பத்தை) 65இலிருந்து 67, 68 டிகிரிக்கு ஏற்றச் சொல்லலாம். கசப்பு மழுங்கியிருந்தால் கொஞ்சம் ஜிப்சம். நுரை பொங்குவது அதிகமென்றால் பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையைக் குறைக்க வேண்டும், 20 லிட்டருக்கு 60 கிராம் அளவு பிட்டருக்குப் போதும். நுரைப் பொங்குதலோடு புளிப்போ கிராம்பு வாடையோ சேர்ந்திருந்தால் சர்க்கரையைக் குறை சொல்லாதீர்கள், அது கிருமித் தொற்று. ஆஸ்பத்திரி வாடை என்றால் நீரிலுள்ள குளோரின் அல்லது காட்டு ஈஸ்ட். நடுவர்கள் இப்படிப்பட்ட குறிப்பைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "ரெசிப்பியை மாற்றிப் பாருங்கள்" என்பது குறிப்பாகாது.

மதிப்பெண் போடும்போது பகுதி பகுதியாகக் கூட்டிவிட்டுப் பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். 45 முதல் 50 தலைசிறந்தது, 38 முதல் 44 மிகச் சிறப்பு, 30 முதல் 37 மிக நன்று, 21 முதல் 29 வகையின் குறியைச் சற்றுத் தவறவிட்டது அல்லது சிறு பிழை உள்ளது, அதற்குக் கீழே வெளிப்படையான பிழை உள்ளவை. நீங்கள் எழுதிய விவரம் முழுக்கப் பாராட்டாக இருந்து கூட்டல் 31 காட்டினால் எங்கோ கஞ்சத்தனம் நடந்திருக்கிறது. சுவைப் பகுதியில் 20க்கு 12 போட்டுவிட்டுக் குறையே எழுதாமல் இருப்பது வழக்கமான ஓட்டை. குறை எழுதாத இடத்தில் 16, 17 போடத் தயங்காதீர்கள். மறுபக்கம், பிழையைக் கண்டு எழுதிவிட்டு 40 போடுவதும் அதே ஓட்டைதான்.

பயிற்சிக்கு ஒரே பிராண்ட் பிட்டரில் மூன்று பாட்டில் வாங்குங்கள். ஒன்றைக் குளிரில் வையுங்கள். ஒன்றை மூன்று வாரம் சமையலறை அலமாரியில், சூட்டில் வையுங்கள். மூன்றாவதைக் குடிக்கும் நாளில் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி அரை மணி நேரம் வெயிலில் வையுங்கள். வேறு யாராவது கிளாஸ்களை வரிசை மாற்றிக் கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் தனித்தனித் தாள், தலா 15 நிமிடம், கடிகாரத்தை எதிரில் வைத்து. இடையில் தண்ணீரும் உப்பில்லாத பிஸ்கட்டும் மட்டும். முதல் முறை பெரும்பாலோர் நேரத்தை மணப் பகுதியிலேயே கரைத்துவிடுவார்கள், திருத்தக் குறிப்புக்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சாது. ஒன்பதாவது நிமிடத்தில் வாயுணர்வுப் பகுதி முடிந்திருக்கும் அளவுக்குக் கை ஓடும் வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள்.